மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி

கூட்டம் ஆறரை மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கூட்டம் தொடங்கத் தேவையான ஆட்கள் சேர ஏழேகால் ஆகிவிட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழுவில் இது வழக்கம்தான். தண்ணீர் மோட்டாரும் பராமரிப்புக் கணக்கும் ஒரு மணி நேரத்தைத் தின்று தீர்த்தன. மூன்றாவது விஷயம் வந்தபோது பாதிப் பேர் கைப்பேசியில் மூழ்கியிருந்தார்கள். மீதிப் பேருக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருந்தது.

செயலாளர் எழுந்து ஒரே மூச்சில் படித்தார். இரண்டு மாதத்தில் மூன்று சைக்கிள்கள் திருட்டுப் போயிருக்கின்றன. ஆகவே வாசல்களிலும் படிக்கட்டுகளிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கேமரா வைக்கப்படும். வெளியிலிருந்து வருகிறவர்களை, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் உட்பட, தினமும் போட்டோ எடுத்து ஃபோன் நம்பரோடு பதிவு செய்ய வேண்டும். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்லையென்றால் ஒருமனதாக நிறைவேறியதாக எழுதிக்கொள்கிறேன்."

"ஒரு நிமிஷம் சார்." பின்வரிசையில் ஓர் இளைஞர் எழுந்தார். வாடகைக்கு வந்து ஆறு மாதம் இருக்கும். "அந்தப் பதிவையெல்லாம் யார் பார்ப்பாங்க? எத்தனை நாள் வச்சிருப்பாங்க?"

கேள்வி அவ்வளவுதான். பதில் வருவதற்கு முன்பே பக்கவாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?" சிலர் சிரித்தார்கள். இன்னொருவர், "தம்பி, நீங்க வாடகைக்கு இருக்கிறவர். உங்களுக்கு ஓட்டு கிடையாது" என்றார். இளைஞர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அதே கேள்வி என் மனதிலும் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று இரவு அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கேமரா கூட அப்புறம்தான். ஒரு மனிதர் ஒரு சாதாரணக் கேள்வியை முழுதாகக் கேட்டு முடிக்க முடியாத அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

குடிமக்களின் உரிமைகள் என்றால் நீதிமன்றம், அரசியல் சட்டம், பெரிய ஊர்வலம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கருத்துச் சுதந்திரம் பற்றி யாராவது பேசினால் ஆர்வமாகக் கேட்பேன். ஆனால் அந்தச் சுதந்திரம் மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட ஓர் அறையில் பரீட்சைக்கு வருகிறது என்பது தோன்றியதே இல்லை. சங்கம் ஒன்றும் அரசாங்கம் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் மாறுபட்டுப் பேசுகிறவரை என்ன செய்வது என்பதை நாம் பழகிக்கொள்ளும் இடம் அதுதான். அங்கே பழகியதைத்தான் வார்டு கூட்டத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் எடுத்துப் போகிறோம்.

கேரளத்தில் 1985இல் நடந்தது இதற்கு எனக்கு மிக நெருக்கமான உதாரணம். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். தங்கள் கடவுளைத் தவிர வேறெதற்கும் பாடுவது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது. அவர்களுடைய அக்காமார்களும் அதே பள்ளியில் அப்படித்தான் நின்றார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கவனித்து, சட்டசபையில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு அமைத்தார்கள். பிள்ளைகள் சட்டத்தை மதிப்பவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அந்தக் குழு சொன்னது. ஆனாலும் கல்வி அதிகாரி உத்தரவு போட்டார். 1985 ஜூலை 26 அன்று பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள். அப்பா போய்த் தலைமை ஆசிரியரிடம் கேட்டார். அவர் கையை விரித்துவிட்டார்.

உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பிஜோய் இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது இதைத்தான். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் சகிப்பைப் போதிக்கிறது, நம் அரசியல் சட்டம் சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று முடியும் அந்தத் தீர்ப்பு.

தீர்ப்பை நினைத்து மகிழ்கிறவர்கள் அதற்கு முந்தைய ஓராண்டை மறந்துவிடுகிறார்கள். மூன்று பிள்ளைகளின் படிப்பு அந்த ஓராண்டு அந்தரத்தில் தொங்கியது. உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது அங்கே வரை போயிருக்கவே வேண்டியதில்லை. பல வருடம் ஒரு பள்ளிக்கூடம் 'நிற்கிறார்களே, போதும்' என்று விட்டிருந்தது. அந்தப் பிள்ளைகளின் சுதந்திரத்தை அத்தனை காலம் காப்பாற்றிக்கொண்டிருந்தது எந்தச் சட்டப் பிரிவும் இல்லை, பக்கத்தில் இருந்தவர்களின் பெருந்தன்மை. அது ஓரிடத்தில் விட்டுப்போனதும் வழக்காகிவிட்டது.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் கேமரா வரவில்லை, ஆனால் போட்டோ எடுப்பது தொடங்கிவிட்டது. ஒருநாள் காலை வாசலில் நின்றிருந்தேன். இரண்டாம் மாடியில் வேலை செய்யும் பெண்மணியை நிறுத்தி, காவலாளி போட்டோ எடுத்தார். சங்கம் வாங்கித் தந்த கருவி ஒன்றும் இல்லை, அவருடைய சொந்த ஃபோன்தான். அந்தப் பெண்மணி கேட்டார்: "அண்ணா, தினமும் எடுக்கிறீங்களே, என் போட்டோ எல்லாம் உங்க ஃபோன்லயா இருக்கு?" காவலாளிக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். நாற்பது ஐம்பது பேருடைய முகமும் ஃபோன் நம்பரும், யார் எத்தனை மணிக்கு வருகிறார் போகிறார் என்ற விவரமும் ஒரு தனிமனிதரின் சட்டைப் பையில் இருந்தன. அவர் நல்லவர். நாளைக்கு அந்த ஃபோன் தொலைந்தால், அல்லது அவர் வேலையை விட்டுப் போனால்? தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டவருக்கு அந்தப் பெண்மணியின் கேள்விதான் பதில். தப்பு செய்யாதவர்தான் பயந்து கேட்டார்.

அந்தக் கோபத்தோடு கூட்டத்துக்குப் போனேன். போனதும் கையைத் தூக்கினேன், எழுந்தேன், குரல் தானாகவே உயர்ந்தது. செயலாளரைப் பார்த்து, "நீங்க சங்கம் நடத்தலை, சர்வாதிகாரம் நடத்துறீங்க" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேச்சு. எழுபது வயது மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா, மன்னிப்புக் கேள், வாபஸ் வாங்கு. காவலாளியின் ஃபோன் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேச நான்தான் வழிவிடவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் அன்றைக்கு எழுதப்பட்டது: 'உறுப்பினர் ஒருவர் அநாகரிகமாக நடந்துகொண்டார்.' அதோடு ஒரு புதுத் தீர்மானமும் வந்தது. இனிமேல் கூட்டத்தில் மரியாதையாக மட்டுமே பேச வேண்டும், மரியாதைக் குறைவு என்று தலைவர் கருதினால் மைக்கை நிறுத்தலாம். அதற்கு நானே வழி செய்து கொடுத்துவிட்டேன்.

இந்தப் புதுத் தீர்மானம்தான் என்னை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சவுத்பரோ என்ற சிறிய ஊரின் வழக்குக்குக் கொண்டுபோனது. 2018 டிசம்பரில் அந்த ஊர் நிர்வாகக் குழுவின் கூட்டம். அரசு அமைப்புகளின் கூட்டங்கள் மக்கள் அறிய நடக்க வேண்டும் என்கிற திறந்த கூட்டச் சட்டத்தை நிர்வாகக் குழு மீறியது என்று மாநில அதிகாரிகளே கண்டறிந்திருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்க ஓர் அம்மையார் எழுந்தார். பேச்சு முற்றியது. தலைவர் பொதுமக்கள் பேசும் நேரத்தை முடித்துக்கொள்ளப் பார்த்தார். அந்த அம்மையார் அவரை ஹிட்லர் என்றார். வெளியே அனுப்பிவிடுவேன் என்று தலைவர் கத்தினார். அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு விதி இருந்தது: பேசுகிறவர்கள் மரியாதையாகவும் பண்பாகவும் பேச வேண்டும், முரட்டுத்தனமாகவோ தனிப்பட்ட முறையில் தாக்கியோ பேசக் கூடாது.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 மார்ச்சில் நீதிபதிகள் ஒருமனதாக அந்த விதியே செல்லாது என்றார்கள். 1780இல் இயற்றப்பட்ட அந்த மாநில அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு, மக்கள் ஒழுங்காகவும் அமைதியாகவும் கூடித் தங்கள் குறைகளைச் சொல்லும் உரிமையைக் காக்கிறது. ஒழுங்கு வேறு, பணிவு வேறு என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஒருவர் எத்தனை நிமிடம் பேசலாம், எப்போது பேசலாம் என்று வரையறுக்கலாம். அடுத்தவரைப் பேச விடாமல் குறுக்கே விழுந்தால் தடுக்கலாம். ஆனால் நிர்வாகத்தைப் பாராட்டிப் பேச வாசலைத் திறந்துவைத்து, கடுமையாகக் குறை சொல்ல அடைத்துவிட முடியாது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜை எதிர்த்தவர்கள் எழுதிய பிரிவு அது. அவர்கள் மன்னரிடம் இனிமையாகப் பேசவில்லை என்பதையும் நீதிமன்றம் நினைவூட்டியது.

இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். பதவியில் இருப்பவர் கையில் 'மரியாதை' என்ற அளவுகோலைக் கொடுத்தால், அது முதலில் அளப்பது அவரைக் கேள்வி கேட்கிறவரைத்தான். குரல் நடுங்கப் பேசுகிறவர், கோபத்தில் கண் கலங்குகிறவர், மேடைப் பேச்சுப் பழக்கம் இல்லாதவர் எல்லோரும் அந்த அளவுகோலில் குறைந்துபோவார்கள். அநியாயம் இழைக்கப்பட்டவரிடம் முதலில் நிதானத்தைக் கேட்பது ஒரு கொடுமை. வாசலில் நிறுத்திப் போட்டோ எடுக்கப்பட்ட பெண்மணி சத்தம் போட்டுக் கேட்டிருந்தாலும் அவர் கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் இன்னொன்றும் உண்டு. அந்த வழக்கைக் கேள்விப்பட்டவர்களுக்கு நினைவில் நிற்பது ஹிட்லர் என்ற சொல். திறந்த கூட்டச் சட்டம் யார் நினைவிலும் இல்லை. எனக்கு நடந்ததும் அதேதான். சொல்ல எனக்கு உரிமை இருந்தது, சொன்னதால் என் கேள்வி செத்துப்போனது. இரண்டும் சேர்ந்தே உண்மை. மரியாதையை நாற்காலியில் இருப்பவர் கட்டளையாகப் போட முடியாது. எதிரே நிற்கிறவர் தானாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். கேட்பவர் காதுக்குள் கேள்வி போய்ச் சேர வேண்டுமே என்ற அக்கறையில் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அந்த வாரமே செயலாளர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "உள்ளே வாங்க" என்றார். முதலில் மன்னிப்புக் கேட்டேன், அந்த வார்த்தைக்கு மட்டும். அப்புறம், "இந்தத் தீர்மானம் உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் சார்?" என்று கேட்டேன். சும்மா கேட்டுவைக்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். திருட்டுப் போன மூன்றில் ஒன்று அவர் பேத்தியின் சைக்கிள். அது போனதிலிருந்து அந்தக் குழந்தை தனியாகக் கீழே விளையாட வருவதில்லை. "நான் செயலாளர்னு இருந்துட்டு என் பேத்திக்கே பாதுகாப்பு இல்லைன்னா என்ன அர்த்தம்?" என்றார். இத்தனை நாளாக நான் அதிகார வெறி என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு தாத்தாவின் கலக்கம்.

அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. தலையாட்டினார். பிறகுதான் என் பக்கத்தைச் சொன்னேன். "கேமராவே வேண்டாம்னு நான் சொல்லலை சார். பதிவை யார் பார்க்கலாம்னு இரண்டு பேரை எழுதி வைக்கணும். இத்தனை நாள்ல அழிச்சிடணும். குழந்தைங்க விளையாடுற இடம் வேண்டாம். அப்புறம் தினமும் வேலைக்கு வர்றவங்களைத் தினமும் போட்டோ எடுக்கிறது, அவங்களைத் திருடங்களா நினைக்கிற மாதிரி இருக்கு." காவலாளியின் சொந்த ஃபோன் விஷயத்தைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருக்கே தெரியாது.

அப்போது ஒருமனதாக எங்களுக்குள் எதுவும் முடிவாகவில்லை. விளையாடும் இடத்தில் கேமரா வேண்டாம் என்பதற்கும் சொந்த ஃபோனில் எடுக்கக் கூடாது என்பதற்கும் ஒத்துக்கொண்டார். மற்றதைக் கூட்டத்தில் வையுங்கள் என்றார். அது நியாயம்தான்.

உள்ளூர்க் கூட்டத்தில் ஒரு கேள்வியைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டே இருப்பதற்கு என்ன பலன் என்று யாராவது கேட்டால் நான் ஓக்லாண்டைச் சொல்வேன். கலிஃபோர்னியாவின் அந்த நகரத்தில் துறைமுகப் பாதுகாப்புக்காக என்று தொடங்கிய ஒரு கண்காணிப்பு மையம், 2013இல் நகரம் முழுவதற்குமான திட்டமாக விரிந்தது. மக்கள் நகர மன்றக் கூட்டங்களுக்கு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மைக்கின் முன் நின்று கேட்டார்கள். கேட்டது அதே எங்கள் பின்வரிசை இளைஞரின் கேள்விதான்: யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? 2014 மார்ச்சில் நகர மன்றம் அந்த மையத்தைத் துறைமுகத்தோடும் விமான நிலையத்தோடும் நிறுத்திக்கொண்டது. அங்கிருந்து வளர்ந்ததுதான் 2016இல் அமைந்த தனியுரிமை ஆலோசனைக் குழு. புதுக் கண்காணிப்புக் கருவி எதையும் நகரம் வாங்குவதற்கு முன் அந்தக் குழு பொதுவெளியில் ஆராய்கிறது. பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. வேலை முடித்துக் களைத்துப்போனவர்கள் இரவு நேரக் கூட்டங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

எழுத்தில் இருப்பதை எல்லோர் முன்னும் வாசிப்பதற்கு ஒரு தனி பலம் உண்டு. ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய முதல் ஜன சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, அப்படித்தான் தொடங்கியது. அரசு வேலைகளின் கணக்குப் பதிவேடுகளைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார்கள். வேலை செய்ததாக யார் பெயர் எழுதியிருந்ததோ அவர்களே அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற அவர்களுடைய முழக்கம்தான் வளர்ந்து, 2005இல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. நான் மினிட்ஸ் புத்தகத்தை இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் இதுதான். கூட்டம் முடிந்ததும் பேச்சு காற்றோடு போய்விடும். புத்தகத்தில் இருப்பது இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்பே என் மூன்று கோரிக்கைகளையும் ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அஜெண்டாவில் சேர்க்கக் கொடுத்தேன். பின்வரிசை இளைஞரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டு இல்லாவிட்டாலும் பேசலாம் என்று செயலாளரே சொன்னார். இந்த முறை அவரைப் பேச விட்டார்கள். மூன்று நிமிடம் பேசினார், அழகாக.

முடிவில் பாதி தோற்றோம். பதினைந்து நாளில் பதிவை அழிப்பது என்றும், தலைவரும் செயலாளரும் மட்டுமே பார்க்கலாம் என்றும் ஒத்துக்கொண்டார்கள். வேலைக்கு வருகிறவர்களைத் தினமும் போட்டோ எடுப்பது மட்டும் ஓட்டுக்குப் போய், பெரும்பான்மையால் நிலைத்துவிட்டது. எதிர்த்துக் கை தூக்கியவர்கள் நானும் கீழ்த்தளத்து ஆசிரியை ஒருவரும்தான். 'ஒருமனதாக' என்று எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். செயலாளர் ஒரு கணம் யோசித்துவிட்டு எழுதினார்: 'எதிர்த்தவர்கள் இருவர். காரணங்கள் இணைப்பில்.' ஏழு மாதம் கழித்து அந்த இணைப்பை வைத்துத்தான் விஷயம் மறுபடி எடுக்கப்பட்டது. தினசரி போட்டோ நின்று, ஒருமுறை வழங்கும் அடையாள அட்டை வந்தது. அதுவும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் பரவாயில்லை. அந்தப் பெண்மணி இப்போது வாசலில் நிற்காமல் நடந்து போகிறார்.

இப்போது புதுக் குழு வந்துவிட்டது. பழைய செயலாளர் சாதாரண உறுப்பினர். போன மாதக் கூட்டத்தில், அறிவிப்புப் பலகையில் குழுவின் அனுமதி இல்லாமல் யாரும் எதையும் ஒட்டக் கூடாது என்று தீர்மானம் வந்தது. அவர் எழுந்து எதிர்த்தார். அவர் ஒட்ட நினைத்த நோட்டீஸில் இருந்த கருத்து எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லாத ஒன்று, அது அங்கே எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாக்கியம் பேசியிருப்பார், முன்வரிசையில் இருந்து "உட்காருங்க சார், உங்க காலம் முடிஞ்சுது" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பும் வந்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

"அவர் பேசி முடிக்கட்டும்" என்றேன். பின்வரிசையிலிருந்து அந்த இளைஞரும் அதையே சொன்னார். அறை அடங்கியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். தீர்மானம் நிறைவேறிவிட்டது. முடிந்ததும் அவர் மெதுவாக மேசைக்குப் போய், புதுச் செயலாளரிடமிருந்து மினிட்ஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "எதிர்த்தவர்கள் எத்தனை பேர்னு எழுதலையே" என்றார். பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.